பரங்கிப்பேட்டை இரும்பும் காப்புரிமைச் சொல்லும்

புதுமை காண்டல் வேறு. கண்டது தன்னுடையதென நிலைநாட்டல் வேறு. நிலைநாட்டியதனைத் தொழிலாக்கிப் பிறர்க்குப் பயன்படச் செய்தல் மற்றும் வேறு. இம்மூன்று ஆற்றலும் ஒருவரிடத்தே அமைதல் அரிது. ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டு உழைத்து ஒன்றைக் கண்டறிந்த அறிஞர், அதனைக் காப்புரிமை அலுவலகத்துக்கு எழுதியனுப்பும் ஒரு பக்கத்தில் இடறிவிடுதல் உண்டு. இன்று பல்கலைக்கழகங்கள் தம் ஆசிரியர்களைக் காப்புரிமை பெறுமாறும், அதன் வழியே புது நிறுவனங்கள் தோற்றுவிக்குமாறும் ஊக்கி வருகின்றன. அவ்வூக்கத்தோடு எவ்வகை உதவி சேர்தல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. பொருளுதவி, சட்ட உதவி, கருவி உதவி என்பன பலரும் கூறுவன. சொல்லுதவி என்பதொன்றும் உண்டு. பலபோது முடிவை வரையறுப்பது அதுவே என்பது நம் கருத்து.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கடலூருக்குத் தெற்கே, சிதம்பரத்துக்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலொடு கலக்கும் இடத்தில் உள்ளது பரங்கிப்பேட்டை. ஐரோப்பியர் அதனைப் போர்ட்டோ நோவோ என்றனர். இன்று அவ்வூர்ப் பெயரைச் சொன்ன அளவில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையமே நம் நினைவுக்கு வரும். நூற்றுத்தொண்ணூறு ஆண்டுகட்கு முன் அவ்வூர் வேறொன்றால் பெயர் பெற்றிருந்தது. ஐரோப்பிய முறைப்படி இரும்பு உருக்கும் ஊதுலை அங்கே எரிந்து கொண்டிருந்தது. அதனை நிறுவியவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்து, அப்பணியைத் துறந்து, இரும்புத் தொழிலிற் புகுந்தவர் அவர். இந்தியாவில் ஐரோப்பிய முறையில் பேரளவாக இரும்பு உருக்க முயன்ற முன்னோடிகளுள் ஒருவராகத் தொழில் வரலாற்று நூலார் அவரைக் குறிப்பர்.

ஹீத்தின் முயற்சி 1820களில் தொடங்கிற்று. மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் அவர் பெற்றார். கடனாகப் பணமும் பெற்றார். 1830 அளவில் பரங்கிப்பேட்டையில் உலை எழுந்தது. கனிமம் சேலத்து மலைகளிலிருந்து வந்தது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் பரிசல்களில் ஏற்றி, பின்னர்க் கால்வாய் வழியாக வெள்ளாற்றங்கரைக்குக் கொணர்ந்தனர். எரிபொருளோ மரக்கரி. ஓர் உலைக்கு வேண்டும் கரிக்குக் காடு எவ்வளவு அழிதல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பார்க்கு இத்தொழிலின் நோய் இன்னதென விளங்கும். அண்மைக் காடுகள் குறையக் குறையக் கரியின் தொலைவு கூடிற்று. தொலைவு கூடக் கூட இரும்பின் விலை ஏறிற்று. அதே காலத்தில் இங்கிலாந்தின் நிலக்கரியில் உருகிய இரும்பு மலிவாகக் கப்பலேறி வந்தது. 1853இல் புதுக் கூட்டு நிறுவனம் ஒன்று தோன்றித் தொழிலை ஏற்று நடத்திப் பார்த்தது. 1860களில் பரங்கிப்பேட்டை உலை அவிந்தது.

இவ்வாலையின் இரும்பு இங்கிலாந்து சென்று, வேல்சு நாட்டு மெனாய் நீரிணையின்மேல் அமைந்த இரு பாலங்கட்கும் பயன்பட்டது என்று எழுதுவோர் உளர். அவற்றுள் மெனாய்த் தொங்குபாலம் 1826இலேயே திறக்கப்பட்டது. பரங்கிப்பேட்டையில் உலை மூட்டியது அதற்குப் பின்னர் ஆதலின் அக்கூற்றுப் பொருந்தாது. மற்றொன்றாகிய பிரித்தானியாக் குழாய்ப் பாலம் 1850இல் திறக்கப்பட்டமையின் அதற்குக் காலம் இடந்தருகின்றது. ஊர்ப்பெருமை பேசுவார் இரண்டனையும் ஒருங்கே பேசுதல் வழக்கமாகிவிட்டமையின் இதனை ஈண்டுக் குறித்தோம்.

ஹீத் இந்நாட்டு உருக்குச் செய்முறையையும் கூர்ந்து கண்டவர். சேலம் பகுதிக் கொல்லர் சிறு மூசைகளில் இரும்புத் துண்டுகளை இட்டு, ஆவாரை விறகும் எருக்கிலை முதலியனவும் சேர்த்து, வாயை மண்ணால் மூடிக் காய்ச்சி உருக்கு எடுத்தனர். இதனை விளக்கி ஹீத் எழுதிய கட்டுரை இலண்டன் அரச ஆசியக் கழகத்தின் இதழில் 1839இல் அச்சாயிற்று. அதில் அவர் கூறும் ஒரு செய்தி நம் பொருளுக்கு மிக இயைவது. இரும்பினை வாயுவால் உருக்காக்கும் முறைக்கு மக்கின்டாஷ் என்பார் 1825இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். பசிய இலைகள் மூசைக்குள் வெந்து வாயுவாகி இரும்பைப் பற்றும் சேலத்து முறையில் அவ்வுண்மை முன்னரே அமைந்து கிடக்கின்றது என்பது ஹீத்தின் கருத்து. சேலத்துக் கொல்லரிடம் ஏடுமில்லை, காப்புரிமையுமில்லை. அவர் பெயர் ஒன்றேனும் அக்கட்டுரை வழி நமக்கு எட்டவில்லை.

கட்டுரை அச்சான அதே 1839ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஹீத் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை பெற்றார். இதுவே நம் ஆராய்ச்சிக்கு நடுவண் பொருள். ஷெபீல்டு நகரத்தார் நல்ல வார்ப்புருக்குச் செய்யச் சுவீடன் நாட்டு இரும்பையே நம்பியிருந்தனர். இங்கிலாந்தின் இரும்பில் செய்த உருக்கு, சூட்டில் அடித்து ஒன்றோடொன்று பொருத்தும்போது வெடித்தும் சிதைந்தும் போயிற்று. மூசையில் உருகும் உருக்கொடு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை ‘மாங்கனீசுக் கார்புரெட்டு’ என்னும் பொருளைச் சேர்த்தால் அக்குற்றம் நீங்கும் என ஹீத் கண்டார். மாங்கனீசும் கரியும் கூடிய கூட்டே கார்புரெட்டு. மலிவான உள்நாட்டு இரும்பும் நல்லுருக்கு ஆயிற்று. ஷெபீல்டில் உருக்கின் விலை வீழ்ந்தது. பயன் பெரிது, வினை எளிது. காப்புரிமையின் கோரிக்கையிலோ அவர் எழுதியது ‘மாங்கனீசுக் கார்புரெட்டைப் பயன்படுத்தல்’ என்பதாகும்.

கார்புரெட்டைத் தனியே செய்தெடுத்தல் செலவு மிக்கது. சில காலம் சென்றபின் ஹீத் மற்றோர் எளிய வழியைக் கண்டார். கறுப்பு மாங்கனீசு ஆக்சைடையும் தாரையும் அப்படியே மூசையில் இட்டுவிட்டால், உலைச் சூட்டில் இரண்டும் கூடி அங்கேயே கார்புரெட்டு ஆகிவிடும். தனியே செய்ய வேண்டுவதில்லை. இதனை அவர் ஷெபீல்டில் தம் முகவராக இருந்த அன்வின் என்பாருக்கு உரைத்தார். உரிமம் பெற்றோர்க்கு அவ்வாறே அறிவுறுத்தவும் செய்தார். புதுவழிக்கு வேறு காப்புரிமை கேட்டு எழுதினாரில்லை. மூலப்பொருளை விற்றுக்கொண்டிருந்த அன்வின் காப்புரிமை ஆவணத்தை மீண்டும் படித்தார் போலும். அதில் இருந்த சொல் கார்புரெட்டு. தாம் மூசையில் இடுவதோ ஆக்சைடும் தாரும். அச்சொல் தம்மைக் கட்டாது எனக் கண்டு, உரிமத்தொகை தராமலே தொழில் நடத்தலானார்.

ஹீத் வழக்கிட்டார். 1840களில் தொடங்கிய அவ்வழக்கு மன்றம் மாறி மாறி, தீர்ப்பும் மாறி மாறிச் சென்றது. மூசைக்குள் உண்டாவது கார்புரெட்டுத்தான், ஆகவே உரிமை மீறப்பட்டது என்பார் ஒரு சாரார். உண்டாவது எதுவாயினும் இட்டது அதுவன்று, கோரிக்கை சொன்னது இடுவதைப் பற்றியே என்பார் மற்றொரு சாரார். நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை. இறுதியில் 1855இல் பிரபுக்கள் அவை அன்வின் பக்கமே தீர்ப்பளித்தது. அதனைக் கேட்க ஹீத் உயிரோடு இல்லை. பரங்கிப்பேட்டையில் தொடங்கிய வாழ்வு ஒரு சொல்லின் பொருளெல்லை பற்றிய பூசலில் கழிந்தது.

இலக்கணம் கற்றார்க்கு இத்தீர்ப்பு வியப்புத் தாராது. நூலுக்குரிய குற்றங்களைத் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். நன்னூலார் பாயிரத்திற் கூறினார். அவற்றுள் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் இரண்டு. காப்புரிமைக் கோரிக்கை என்பது ஒருவகை நூற்பாவே. சொல் சுருங்கி, பொருள் நிறைந்து, எல்லை தெளிந்து நிற்றல் வேண்டும் என்னும் விதி இரண்டற்கும் ஒன்று. ஹீத் குன்றக் கூறினார். ‘மாங்கனீசும் கரியும் தனித்தனியே இடினும், கூட்டாக இடினும்’ என அவர் எழுதியிருப்பின் அன்வினுக்கு வழியில்லை. அதற்காக, ‘உருக்கினைத் திருத்தும் எப்பொருளையும் சேர்த்தல்’ என்று எழுதியிருந்தால் அது மிகைபடக் கூறலாம். தாம் காணாததனையும் தமதெனக் கோரியமையால் காப்புரிமை முழுதும் விழுந்துவிடும். முன்னதில் எதிரி தப்புவான். பின்னதில் உரிமையே அழியும். தருக்க நூலார் இலக்கணத்துக்குச் சொல்லும் அவ்வியாத்தி, அதிவியாத்தி என்னும் குற்றங்களும் இவையே. உரையாசிரியன்மார் ஒரு நூற்பாவின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, ‘இச்சொல் இல்லையேல் எது புகுந்துவிடும், எது விடுபட்டுவிடும்’ என வினவினர் அன்றோ? அவ்வினாவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுப்பப்பெறல் வேண்டும்.

முதல்நூல், வழிநூல் என்னும் பாகுபாடும் ஈண்டு உதவும். ஹீத்தின் 1839ஆம் ஆண்டுப் புதுமை முதல்நூல் எனின், ஆக்சைடும் தாரும் இடும் முறை அதற்கு வழிநூல். முதல்நூலின் பொருளொடு ஒத்து, வேண்டும் வேறுபாடும் உடையதாதல் வழிநூலின் இயல்பு. அவ்வேறுபாட்டுக்கு வேறு பாயிரம் வேண்டும். காப்புரிமையில் வேறு விண்ணப்பம் வேண்டும். அறிவியலார் முதலிற் கண்டதற்கு உரிமை பெற்று, அதனினும் சிறந்ததாகப் பின்னர்க் காணும் திருத்தத்தை நண்பரிடமும் கூட்டாளியிடமும் வாய்மொழியாகக் கூறிவிடுதல் இன்றும் நடப்பதே.

இனி, சொல்லைப் பற்றியே சிறிது. ‘பேட்டண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் திறந்திருத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. அரசன் முத்திரையிட்டு மூடாமல், யாவரும் காணத் திறந்தபடி வழங்கிய ஓலையே முதலில் அப்பெயர் பெற்றது. நாம் அதனைக் காப்புரிமை என்கின்றோம். இலங்கைத் தமிழர் ஆக்கவுரிமை என்பர். இவற்றுள் நம் சொல் காவலை மட்டும் காட்டுகின்றது, திறத்தலைக் காட்டவில்லை. காப்புரிமையோ ஓர் உடன்படிக்கை. கண்டவர் தாம் கண்டதனை, அத்துறையறிந்தார் ஒருவர் படித்துத் தாமே செய்யுமளவு முற்ற விளக்கி உலகுக்குத் திறந்துவிட வேண்டும். அதற்கு ஈடாக அரசு அவருக்குச் சில ஆண்டுகள் தனியுரிமை நல்கும். ஹீத் காலத்து இங்கிலாந்தில் அது 14 ஆண்டு. இன்று இந்தியாவில் விண்ணப்ப நாள் முதல் 20 ஆண்டு. ‘காப்பு’ என்ற சொல்லைக் கேட்டு, ‘மறைத்து வைத்தல்’ எனக் கருதுவார் மிகப் பலர். ஆக்கவுரிமை என்பதே தகுந்த சொல் என நாம் கருதினும், வழக்கு வலிமையுடையதாதலின் காப்புரிமை என்றே எழுதுகின்றோம்.

ஹீத்தின் காலத்தில் இந்தியாவில் காப்புரிமைச் சட்டம் இல்லை. பரங்கிப்பேட்டையில் அவர் பெற்றது கம்பெனியார் அருளால் கிடைத்த தனிவாணிக உரிமை. இங்கிலாந்தில் பெற்றதே புதுமைக்குரிய உரிமை. இவ்விரண்டும் ஒன்றல்ல. இந்நாட்டில் முதற்சட்டம் 1856இல் வந்தது. அவ்வாண்டு கல்கத்தாவில் முதல் உரிமைக்கு விண்ணப்பித்தவர் கண்ட பொருள் பங்கா இழுக்கும் பொறி என்பது சுவையான செய்தி. 1911ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. நீதிபதி இராசகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு 1970ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பெற்று 1972இல் நடைமுறைக்கு வந்தது. உணவுக்கும் மருந்துக்கும் பொருட்காப்புரிமை இல்லை என அச்சட்டம் வைத்த வரம்பு, உலக வாணிக உடன்படிக்கையின் விளைவாக 2005இல் நீங்கியது.

இச்சட்டத்தின்கீழ் ஆய்வாளர் அறியவேண்டுவன பலவற்றுள் தலையாயது வெளியீட்டைப் பற்றியது. உலகில் எங்கேனும் முன்னர் வெளியான ஒன்று புதியதன்று. அவ்வெளியீடு கண்டவர் தாமே எழுதிய கட்டுரையாயினும் சட்டம் பெரும்பாலும் இரங்காது. கற்றோர் கழகத்தின்முன் படித்த கட்டுரைக்கும், கண்டவர் இசைவொடு அக்கழகத்தின் நடவடிக்கையேட்டில் அச்சான கட்டுரைக்கும் பன்னிரண்டு திங்கள் பொறுப்பு உண்டு. எல்லா இதழ்களுக்கும் எல்லாக் கருத்தரங்குகளுக்கும் அச்சலுகை விரியும் எனக் கொள்ளல் பிழை. ஐரோப்பிய நாடுகளில் இவ்வளவு இரக்கமும் இல்லை. கட்டுரை எண்ணிக்கையால் ஆசிரியரை அளக்கும் நம் பல்கலைக்கழக வழக்கம் இவ்விடத்தில் புதுமைக்குப் பகையாகின்றது. முனைவர்ப் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்னும் மின்னேட்டுக் களஞ்சியத்தில் ஏற்றப்படுகின்றன. ஏறிய அன்றே அவை உலகத்தார்க்கு வெளியீடு. ஆகவே ஆய்வேடு அளிக்கும் முன்னர், முற்றுப்பெறாத முதல் விளக்கத்தையேனும் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தல் வேண்டும். அப்பதிவுக்குப்பின் பன்னிரண்டு திங்களுக்குள் முழு விளக்கம் தந்தால் போதும். முதல் நாளே உரிமை நாளாக நிற்கும். இதனை மாணவர்க்கு எடுத்துச் சொல்ல ஒவ்வொரு துறையிலும் ஒருவர் வேண்டும். கல்வி நிறுவனங்கட்குக் கட்டணத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு 2021 முதல் குறைக்கப்பட்டிருத்தலின், பணமில்லை என்பது இனித் தக்க விடையன்று.

கட்டணம் என்றவிடத்து ஒன்று நினைவுக்கு வருகின்றது. மாங்கனீசின் வரலாறு ஹீத்தோடு முடியவில்லை. 1856இல் பெசமர் தம் புது உருக்கு முறையை அறிவித்தபோது அவ்வுருக்கும் நொறுங்கிற்று. இராபர்ட் மஷெட் என்பார் மாங்கனீசு மிக்க வார்ப்பிரும்பைச் சேர்த்து அதனைத் திருத்தி, அவ்வாண்டே காப்புரிமையும் பெற்றார். மூன்றாம் ஆண்டு முடிவிற் செலுத்தவேண்டிய 50 பவுன் முத்திரைத் தொகையை, அவ்வுரிமையை வைத்திருந்தோர் செலுத்தாது விட்டனர். 1859இல் உரிமை அற்றது. பெசமர் செல்வரானார், பின்னாளில் மஷெட்டுக்கு ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகை அளித்தார். ஒருவர் சொல்லில் இழந்ததை மற்றவர் நாளில் இழந்தார். இன்றும் காப்புரிமை உயிரோடிருக்க, மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் புதுப்புத் தொகை கட்டவேண்டும். அந்நாட்களை எண்ணிக் காத்தல் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் வேலையன்று. அதற்கென ஓர் அலுவலகம் வேண்டும்.

கடலூர் மாவட்டத்தில் நடைபெறும் ஆராய்ச்சி எல்லாம் ஒரே சட்டத்துள் அடங்குவதும் அன்று. பாலூரில் காய்கறி, கடலூரில் கரும்பு, விருத்தாசலத்தில் நிலக்கடலையும் முந்திரியும் என வேளாண் ஆய்வு நிலையங்கள் பல உள. அங்குத் தோன்றும் புது இரகங்கட்குக் காப்புரிமை இல்லை. 2001ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமே அவற்றுக்கு உரியது. பரங்கிப்பேட்டையிலும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளிலும் எடுத்த உயிரிகளிலிருந்து மருந்துப் பொருள் காண்பாரோ, 2002ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டத்தையும் நோக்கல் வேண்டும். அவ்வுயிர்வளத்தைப் பற்றிய புதுமைக்குக் காப்புரிமை கிடைக்குமுன் சென்னையிலுள்ள தேசிய உயிரியற் பன்மை ஆணையத்தை அணுகவேண்டிய கடமை உண்டு. அன்றியும், வழிவழி வந்த அறிவு புதுமையாகாது என்பது நம் சட்டத்தின் துணிபு. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்தலுக்கு அமெரிக்காவில் 1995இல் தந்த காப்புரிமை, இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு பழஞ்சான்றுகளைக் காட்டி வழக்காடியதனால் 1997இல் நீங்கியது. அச்சான்றுகள் எழுத்தில் இருந்தமையால் வென்றன என்பதை மறத்தலாகாது. சேலத்துக் கொல்லரின் அறிவு ஹீத் எழுதியதனால் அன்றோ இன்று நம் கையில் உள்ளது? சித்த மருத்துவச் சுவடிகளைப் படித்துப் பதிப்பிப்பார் தம் பணிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென அறிதல் நன்று.

புது நிறுவனம் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை; அது பொருளியலார் துறை. ஆயினும் ஹீத்தின் வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றது. பரங்கிப்பேட்டையில் அவர்க்கு நிறுவனம் இருந்தது. அதற்கெனத் தனிப்புதுமை இல்லை. ஷெபீல்டில் புதுமை இருந்தது. அதனை விற்கும் வேலை ஒரு முகவர் கையில் இருந்தது, அம்முகவரொடு பின்வரும் திருத்தங்கள் யார்க்குரியன என்னும் தெளிவு இல்லை. விடுதலைக்குப் பின் இந்திய அரசு 1953இல் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்தை நிறுவியது, அரசு ஆய்வுக்கூடங்களின் புதுமைகளைத் தொழிலார்க்கு உரிமமாக வழங்கவே. மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டதும், அதனைக் குசராத்து ஆனந்தின் கூட்டுறவுப் பால்பண்ணை ஏற்று அமுல் என விற்றதும் அவ்வகைக் கைம்மாற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டுச் சட்டமொன்று, அரசுப் பணத்தால் நடந்த ஆராய்ச்சியின் உரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள இடந்தந்தது. அதனையொத்த ஒரு முன்வரைவு இந்தியாவில் 2008இல் மாநிலங்களவையில் கொணரப்பெற்றும் சட்டமாகவில்லை. ஆதலின் உரிமை ஆசிரியர்க்கா, மாணவர்க்கா, பல்கலைக்கழகத்துக்கா என்பது அவ்வந்நிறுவனத்தின் விதிகளையும் எழுத்தொப்பந்தத்தையும் பொறுத்தே நிற்கின்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2010இல் திறந்த ஆராய்ச்சிப் பூங்காவில் தொழிலகங்களும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் கூடியிருக்கின்றனர். அக்கழகத்தின் முன்னாள் மாணவர் இருவர் 2013இல் தொடங்கிய ஏத்தர் மின்வண்டி நிறுவனம் அக்கழகத்தின் தொழில் வளர்ப்பகத்தில் வளர்ந்ததே. அண்ணாமலைநகருக்கும் கடலூர் சிப்காட் வளாகத்தின் மருந்து, வேதிப்பொருள் ஆலைகளுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணமே உள்ளது. அவ்விரண்டற்கும் நடுவே அன்வின் போல் ஒருவர் நில்லாது, நன்கு எழுதிய ஒப்பந்தம் ஒன்று நிற்றல் வேண்டும்.

மீண்டும் சொல்லுக்கே வருவோம். இந்தியக் காப்புரிமை விதிகளின்படி ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருத்தல் வேண்டும். தமிழில் தருதற்கு இடமில்லை. பட்டம் பெற்ற அறிவியலார்க்கு இது தடையன்று. ஆயின் பரங்கிப்பேட்டைப் படகுத் தச்சரும், பண்ணுருட்டி உழவரும், ஆய்வுக்கூடத்தில் கருவியைத் தம் கையால் திருத்தியமைக்கும் உதவியாளரும் தாம் கண்டதனைத் தமிழிலேயே சொல்வர். சொன்னது ஆங்கிலமாகும்போது அதன் எல்லை மாறிவிடுதல் கூடும். ஓர் எடுத்துக்காட்டு நாமே அமைத்துக் காட்டுவோம். படகின் பலகை மூட்டில் நீர் கசியாமல் அடைக்கத் தச்சர் ஒருவர் புதியதொரு கலவையைக் கண்டார் எனக் கொள்வோம். ‘பிசினோடு நார்த்தூளைக் குழைத்து’ என அவர் தொடங்குவார். கருவேலம் பிசினும் பிசின். மரத்தில் வடியும் குங்கிலியமும் பேச்சு வழக்கிற் பிசின். ஆங்கிலமோ நீரிற் கரைவதைக் ‘கம்’ என்றும், நீரிற் கரையாது எண்ணெயிலும் சாராயத்திலும் கரைவதை ‘ரெசின்’ என்றும் பிரிக்கும். அகரமுதலியைப் புரட்டிய மொழிபெயர்ப்பாளர் முதற்கண் காணும் ‘கம்’ என்பதை எழுதிவிட்டால், தச்சர் உண்மையிற் பயன்படுத்திய குங்கிலியம் கோரிக்கைக்குப் புறத்தே போய்விடும். அதனையே பிறரொருவர் மறுநாள் தடையின்றிச் செய்து விற்கலாம். தச்சர் காத்திருப்பது கடல்நீரிற் கரைந்துபோகும் ஒரு கலவையையே. ‘இது தண்ணீரில் கரையுமா?’ என்னும் ஒரு வினாவைத் தச்சரிடம் கேட்டிருந்தால் போதும்.

அவ்வாறு கேட்பதற்குரிய வினாக்களைத் தொகுத்தல் தமிழ்த்துறையும் அறிவியல் துறைகளும் கூடிச் செய்யத்தக்க பணி. பிசின், மெழுகு, எண்ணெய், சுண்ணாம்பு, உப்பு, கார்ப்பு, ஊறல், வடி, பதம், பாகு என வழக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளைத் தரும் கைத்தொழிற் சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றற்கும் எவ்வெப் பொருள் உண்டு, அவற்றைப் பிரித்தறிய எதனைக் கேட்கவேண்டும், ஆங்கிலத்தில் எவ்வெச் சொல் நேராகும் என வரிசைப்படுத்தல் வேண்டும். கடலூர் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் படகு கட்டுவார், வலை பின்னுவார், கருவாடு போடுவார் ஆகியோரின் சொற்களிலிருந்து தொடங்குதல் எளிது. அவை இன்னும் வாயிலுள. ஏட்டில் ஏறியன சிலவே.